கிழங்குக் கலர் சட்டையும் ஒரு குறுக்கு விசாரணையும்

இந்த ஆண்டு கள்ளக்குறிச்சி நீதிமன்றத்துக்குப் புதுக் கறுப்புக் கோட்டோடு வந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே,

அனுபவம் எழுதுவது ஓய்வுபெற்றவர்கள் செய்கிற வேலை. எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் நான் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு நீதிபதிப் பயிற்சிக்குப் போகிறேன். அதற்கப்புறம் உங்களோடு கேன்டீனில் உட்கார்ந்து வழக்குக் கதை பேசிச் சிரிக்க முடியாது. நீதிபதி ஆனவள் அப்படியெல்லாம் பேசக் கூடாதாம். அதனால் போவதற்கு முன் ஒரு வழக்கையாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். களமருதூரில் நாற்று நட்டும் களையெடுத்தும் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. அடுத்தவர் நிலம், எங்கள் கை. அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சிலர் இதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். நான் உரக்கத்தான் சொல்வேன். உங்களில் பலரும் அப்படித்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். நீங்களும் உரக்கச் சொல்லுங்கள். நம் வீட்டில் நாம் பார்த்த சங்கதிகள் நீதிமன்றத்தில் எப்போது உதவும் என்று சொல்லவே முடியாது.

கல்வராயன் மலைக்கு ஏறுகிற சாலையில், அடிவாரத்து ஊர் ஒன்றில் பேருந்து நிறுத்தம் இருக்கிறது. மலை வண்டிகள் அங்கே கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போகும். நிறுத்தத்தை ஒட்டி ஊராட்சிக்குச் சொந்தமான கடை ஒன்று. அதை வாடகைக்கு எடுத்து இட்லிக் கடை நடத்தியவர் அஞ்சலாட்சி. அவர்தான் என் கட்சிக்காரர். வழக்குக் கட்டில் வாதி என்று இருந்தாலும் எனக்கு அஞ்சலாட்சி அக்கா.

அக்காவுக்குக் காசநோய் வந்தது. கடையை மூடிவிட்டு, அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கி ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். குணமாகிவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு கடையைத் திரும்பத் திறந்தார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. அக்காவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. பேசாமல் இருக்கவும் தெரியாது. இலை போடும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இவ்ளோ நாளு எங்க போயிட்டேன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியா? டிபிப்பா எனுக்கு. இப்ப போயிடுச்சி. உக்காரு, சட்னி வெக்கறேன்."

ஒவ்வொரு இலைக்கும் இதைச் சொன்னார். சில நாட்களிலேயே பெஞ்சுகள் காலியாகிவிட்டன. அதற்குப் பின் ஊரில் சிலர் மனுக் கொடுத்தார்கள். ஊராட்சித் தலைவர் கூட்டம் போட்டு, அக்கா காட்டிய மருத்துவர் சீட்டைப் பார்த்த பிறகும் பொதுச் சுகாதாரம் என்று காரணம் எழுதி, வாடகை ஒப்பந்தத்தை ரத்து செய்து, கடைக்கு வேறு பூட்டுப் போட்டுவிட்டார்.

அந்தத் தலைவர் சாதாரண ஆள் இல்லை. ஊராட்சியோடு நிற்காமல் அந்த வட்டாரத்துக்கே கட்சியில் பெரிய கை. பெயர் வேண்டாம், தலைவர் என்றே சொல்கிறேன். நல்ல குரல், சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, யாரைப் பார்த்தாலும் முதலில் கும்பிடுகிற பழக்கம். அவர் தரப்பு வாதம் எளிமையானது. தலைவர் மருத்துவர் இல்லை. நோயைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஊர் பயந்தது, ஊரின் பயத்தை மதித்து நல்லெண்ணத்தோடு பூட்டினார். இந்த நல்லெண்ணத்தை நான் உடைத்தால் அக்காவுக்குக் கடை கிடைக்கும். இல்லையென்றால் அடுப்புக்கு முன்னால் நின்றே வாழ்ந்த மனுஷி மறுபடியும் களை வெட்டப் போக வேண்டியதுதான்.

என் சீனியர் இந்த வழக்கை எனக்கே விட்டுவிட்டார். "இட்லிக் கடை கேஸ்தானே, நீயே பாரு" என்பது அவர் சொன்ன காரணம்.

தலைவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய வாய்தாவுக்கு முந்தின வாரம் அக்கா வந்திருந்தார். நீதிமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

"வக்கீலம்மா, அவுர இன்னா கேக்கப் போற?"

"யோசிச்சிக்கினு இருக்கேன்க்கா."

"நல்லா யோசி. மைக்கு குடுத்தா வுடாத மனுசன். உன் கேள்விக்கு முழிக்கணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அவுரு மேல எனுக்குக் கோவமே நிக்க மாட்டுதும்மா. சிரிப்புதான் வருது. ரெண்டு வருசத்துக்கு முன்ன நீ பாத்திருக்கணும். வெள்ளையும் சொள்ளையுமா இருந்தவரு, ஒரு நாளு திடீர்னு மரவள்ளிக் கெழங்குத் தோலு கலர்ல சட்ட போட்டுக்கினு வந்து நிக்கறாரு. துண்டும் அதே கலரு. சோசியர் சொல்லிட்டாராம், சனி புடிச்சிருக்கு, வெள்ள ஆவாதுன்னு."

"கெழங்குக் கலரா?"

"ஆமாங்கறேன். தலைவரு போட்டா தொண்டனுங்க சும்மா இருப்பானுங்களா? ஒவ்வொருத்தனா அதே கலர்ல துணி எடுத்துத் தெச்சிக்கினானுங்க. டவுன்ல அந்தத் துணியே கெடைக்கலன்னு டைலர் அழுதாரு. ஒரு நாளு கூட்டமா என் கட வாசல்ல நிக்கறானுங்க, மூட்ட மூட்டயா கெழங்கு எறக்கி வெச்ச மாரி. நான் சட்னி ஊத்தறதா, சாக்கு எடுத்து அள்றதான்னு தெரியல."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"அப்புறம் எப்படிக்கா வெள்ளைக்கு மாறுனாரு?"

"சனி போயிடுச்சாம். மறுபடி வெள்ள. இவனுங்கதான் பாவம், புதுச் சட்டய வயக்காட்டுக்குப் போட்டுக்கினு போனானுங்க."

"எத்தன நாளு இருந்துச்சி சனி?"

"ஒரு ஆறு மாசம் இருக்கும்."

சிரிப்பு எனக்கு அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் சனி பிடித்தால் ஏழரை வருடம். குறைத்துச் சொல்கிற சோசியர்கூட இரண்டரைக்குக் கீழே இறங்க மாட்டார். ஆறு மாதத்தில் கிளம்பிப் போன சனியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஆறு மாதம் என்றதும் எனக்கு எங்கள் அப்பாவின் பனியன் ஞாபகம் வந்தது. நான் எட்டாவது படிக்கும்போது அவருக்கும் இதே நோய். நிலத்துக்காரர் வேலைக்குக் கூப்பிட மாட்டார் என்று பயந்து மாதக்கணக்காக இருமலை மறைத்தார். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு இருமுவார். கடைசியில் அம்மாதான் சண்டை போட்டு உளுந்தூர்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனார். மாத்திரை ஆரம்பித்த பிறகு அவருடைய வெள்ளைப் பனியனில் கழுத்தோரமும் கக்கமும் ஆரஞ்சு நிறத்தில் கறை பட்டது. அம்மா செம்மண் என்று நினைத்து சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. ரத்தமோ என்று அழக்கூடச் செய்தார். நர்ஸ்தான் சிரித்துக்கொண்டே சொன்னார், இந்த மாத்திரைக்கு வேர்வை, கண்ணீர், சிறுநீர் எல்லாம் செவப்பா வரும், மருந்து ஒடம்புல சேருதுன்னு அர்த்தம், பயப்படாதீங்க என்று.

"அக்கா, மாத்திர சாப்புட்டப்ப ஒங்க வேர்வ இன்னா கலர்ல இருந்துச்சி?"

"இது இன்னா கேள்வி? அடுப்பாண்ட நிக்கறவ வேர்வைக்குக் கலரு பாத்தேனா? ஒண்ணுக்கு மட்டும் செவப்பா..." என்றவர் பாதியில் நின்றார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அஞ்சலாட்சி அக்கா பேச்சை நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அடப் பாவி மனுசா" என்றார் மெதுவாக. அதில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கோபமும் வந்தது. "கேளு கண்ணு. கூண்டுல நிக்க வெச்சிக் கேளு. நான் பட்ட பாட்ட அவுரும் படட்டும்."

சீனியரிடம் போய்ச் சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "முதல் கேள்வியே அதுதான். உங்களுக்கு டிபி இருந்துச்சா, இல்லையா? ஆமான்னா கேஸ் முடிஞ்சுது. இல்லன்னா பொய்."

"பொய்ன்னு காட்ட நம்மகிட்ட ஒண்ணும் இல்லீங்க சார். ஒரு சட்டைக் கலர்தான் இருக்கு."

"காட்ட வேண்டாம்மா. கேட்டா போதும். மறுநாள் ஊர் பூராவும் அதே பேச்சா இருக்கும். அவரே வந்து சமாதானமாப் போலாம்னு ராஜிக்கு நிப்பாரு."

கட்சிக்காரரும் கேள் என்கிறார், சீனியரும் கேள் என்கிறார். புதிதாக வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. எதிரியின் ரகசியம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. அன்று மாலை பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போது அந்தக் கேள்வியை மனதுக்குள் பத்து விதமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. தலைவர் முகம் வெளுப்பதுகூடக் கண்ணில் தெரிந்தது.

எலவனாசூர்கோட்டை தாண்டும்போது முன் சீட்டில் ஒருவர் இருமினார். முந்தானையை வாயில் அழுத்தி, சத்தம் வராமல், எங்கள் அப்பா மாதிரியே இருமினார். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். நான் யோசித்தேன். காரும் கூட்டமும் வைத்திருக்கிற ஒரு தலைவரையே இந்த நோயின் பெயரைச் சொல்லி நீதிமன்றத்தில் தலைகுனிய வைத்தார்கள் என்ற செய்தி அந்த ஊருக்குப் போனால், அங்கே இருமிக்கொண்டிருக்கிற கூலிக்காரர் என்ன செய்வார்? துண்டை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்வார். அக்காவுக்கு ஊர் செய்ததையே நான் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்ததாக ஆகும்.

இறங்குவதற்குள் இன்னொன்றும் புரிந்தது. எனக்குத் தலைவரின் உடம்பு தேவையே இல்லை. அவருக்கு என்ன தெரியும் என்பது மட்டும் போதும். ஒன்றும் தெரியாது என்பதுதானே அவர் தரப்பு வாதம்? ஆறு மாதம் அந்த மாத்திரையை விழுங்கிய மனிதருக்கு ஒன்றும் தெரியாமல் எப்படி இருக்கும்?

விசாரணை நாளில் கூடம் நிறைந்துவிட்டது. வாசலில் தொண்டர்கள், எல்லாரும் வெள்ளைச் சட்டையில். தலைவர் கூண்டில் ஏறி நீதிபதியைக் கும்பிட்டார், எதிர்த்தரப்பில் நிற்கிற என்னைக் கும்பிட்டார், டைப்பிஸ்ட்டையும் விடவில்லை. நீதிபதி ஒரு அம்மா. கண்டிப்பானவர், ஆனால் பொறுமையாகக் கேட்பவர். என் பின்னால் சீனியர் வந்து உட்கார்ந்துகொண்டார். வேடிக்கை பார்க்க வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பொது வாழ்க்கையில எவ்வளவு காலமா இருக்கீங்க?" என்று தொடங்கினேன்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்தும்மா."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"முப்பது வருசத்துக்கு மேலங்க."

"ஊர்ல யாருக்காவது உடம்பு முடியலன்னா உங்ககிட்டத்தான் வருவாங்களா?"

"என்கிட்ட வராம? ராத்திரி பகல் பாக்க மாட்டேன். என் கார்லயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன்."

"டாக்டர்கிட்ட நீங்களே பேசுவீங்க?"

"நான்தான் பேசணும். அவுங்களுக்கு இன்னா தெரியும்?"

"அப்போ நோய் நொடி பத்தி ஊர்ல மத்தவங்களவிட உங்களுக்கு ஜாஸ்தி தெரியும்னு சொல்லலாமா?"

"தாராளமா சொல்லலாம்."

அவருடைய வக்கீல் நெற்றியைத் தேய்த்தார். அவர் கட்டி வைத்த வாதத்தில் ஒரு செங்கல் போய்விட்டது. தலைவருக்கு அது தெரியவில்லை. பெருமை பேசும் சாட்சியைப் போல நமக்கு உதவி செய்கிறவர் யாரும் இல்லை, அவசரப்படாமல் இருந்தால் போதும்.

"காசநோய் குணமாகுமா, ஐயா?"

தலைவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம், "ஒழுங்கா மாத்திர சாப்ட்டா ஆவும்."

"எவ்வளவு நாள் சாப்பிடணும்?"

"பொதுவா ஆறு மாசம். நடுவுல ஒரு வேளகூட வுடக் கூடாது. இருமல் நின்னுடுச்சே, இன்னும் எதுக்குன்னு தோணும். அங்கதான் ஏமாந்துடக் கூடாது."

"மருந்து சாப்பிட ஆரம்பிச்ச பிறகும் அடுத்தவங்களுக்குப் பரவுமா?"

"கொஞ்ச வாரந்தான். மருந்து புடிச்சிக்கினா பரவாது."

"தட்டு, டம்ளர், சாப்பாடு இதுலல்லாம் பரவுமா?"

"பரவாதுங்க. இருமறப்ப காத்துல பரவற நோயி அது. இட்லிக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "அம்மா, சாட்சி மருத்துவர் இல்லை. இந்தக் கேள்விகள் சரியில்லை."

"தெரியும்னு அவர்தான் சொன்னார். பதிவாகியிருக்கு" என்றார் நீதிபதி. டைப்பிஸ்ட் மறுபடி தட்ட ஆரம்பித்தார்.

தலைவருக்கோ பேச்சில் சூடு பிடித்துவிட்டது. இரண்டு வருடமாக யாரிடமும் சொல்ல முடியாமல் அடக்கி வைத்த விஷயம், கேட்கிற ஆள் கிடைத்ததும் தானாக வெளியே வந்தது. "அந்த மாத்திர லேசுப்பட்டது இல்லம்மா. வயித்தப் பொரட்டும். சோறு எறங்காது. வேர்வகூட..."

நின்றுவிட்டார்.

தன் சட்டைக் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கூடத்தில் வேறு யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, அக்காவையும் சீனியரையும் தவிர. சீனியர் பின்னாலிருந்து என் கவுனைப் பிடித்து இழுத்தார். "கேளு. இப்பக் கேளு."

நீதிபதி நிமிர்ந்தார். "வேர்வைகூட? சொல்லுங்க."

மேடை மேடையாகப் பேசிய மனிதர், தண்ணீர் கேட்பதற்குக்கூட வாய் வராமல் நின்றார்.

"அம்மா, அந்தப் பகுதி என் தரப்புக்குத் தேவைப்படலை. அடுத்த கேள்விக்குப் போறேன்" என்றேன்.

பின்னாலிருந்து சீனியர் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் திரும்பிப் பார்த்தால் மனம் மாறிவிடும்.

"ஐயா, கடைசியா ஒண்ணு. இந்த நோய் குணமாகும்னு உங்களுக்குத் தெரியும். இட்லியால பரவாதுன்னு தெரியும். அஞ்சலாட்சிக்குக் குணமாயிடுச்சின்னு டாக்டர் எழுதிக் குடுத்ததும் தெரியும். அப்படின்னா கடையைப் பூட்டினதுக்குக் காரணம் பொதுச் சுகாதாரம் இல்லை. சரிதானே?"

அவர் அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். பிறகு, "சரிதாங்க" என்றார்.

"வேற கேள்வி இல்லை, அம்மா." உட்கார்ந்தேன்.

வேண்டியது கிடைத்ததும் உட்காருங்கள். இதற்கு மேல் நான் உங்களுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்று நடந்தது அதோடு முடியவில்லை.

தலைவர் கூண்டை விட்டு இறங்காமல் நின்றார். "அம்மா, நான் ஒண்ணு சொல்லிக்கலாங்களா?"

அவருடைய வக்கீல் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நீதிபதி, "வழக்கைப் பத்தி இருந்தா சொல்லுங்க" என்றார்.

"காரணம் அது இல்லன்னு ஒத்துக்கினேன். அப்ப எதுதான் காரணம்னு கேக்காம அந்த வக்கீல் பொண்ணு உக்காந்துடுச்சி. நானே சொல்லிடறேன்." தொண்டையைச் செருமினார். "மனு வந்தப்ப நான் அஞ்சலாட்சிக்காகப் பேசியிருக்கணும். பேசுனா, உனுக்கு எப்படிய்யா இவ்ளோ வெவரம் தெரியும்னு எவனாவது கேப்பான். அதுக்கு பயந்துக்கினுதான் பூட்டுப் போட்டேன். எனுக்கும் இருந்துச்சிங்க அந்த நோயி. வெளியூர்ல போயி மாத்திர வாங்கி ஆறு மாசம் சாப்ட்டேன். வேர்வ பட்டு வெள்ளச் சட்ட பூராவும் செவப்புக் கறை. அதுக்குத்தான் கலர் சட்ட போட்டேன்."

அப்போது வாசலில் இருந்து ஒரு தொண்டரின் குரல் வந்தது.

"அப்ப சனி?"

தலைவர் அந்தப் பக்கம் திரும்பினார். "சனியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடா."

"தலைவரே, நான் அஞ்சு சட்ட தெச்சேன்."

முதலில் சிரித்தது டைப்பிஸ்ட்தான் என்று நினைக்கிறேன். அடுத்த நொடி கூடமே சிரித்தது. அமைதி, அமைதி என்று கத்த வேண்டிய கோர்ட் உதவியாளர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நீதிபதி வழக்குக் கட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் படிக்க ஆரம்பித்தார், தோள் மட்டும் குலுங்கியது. கூண்டில் நின்ற தலைவரும் சிரித்தார். முதுகில் இருந்து மூட்டையை இறக்கியவர்கள் சிரிப்பார்களே, அந்த மாதிரிச் சிரிப்பு. எல்லாம் அடங்கின பிறகு டைப்பிஸ்ட் தயங்கித் தயங்கிக் கேட்டார், "அம்மா, சனி இல்லைங்கறதயும் டைப் பண்ணட்டுங்களா?"

வெளியே தாழ்வாரத்தில் அக்கா முதலில் என்னைத்தான் பிடித்தார். "கேக்கச் சொன்னா உக்காந்துட்டியே. எனுக்கு நெஞ்சு நின்னுபோச்சி." பதில் சொல்வதற்குள் தலைவர் வந்துவிட்டார். அக்கா அந்தப் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எப்ப கஞ்சி குடிச்சா வயித்தப் பொரட்டாதுன்னு எனுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்குமே."

"உங்கிட்ட சொல்லியிருந்தா நீ ஒவ்வொரு எலைக்கும் சொல்லியிருப்ப."

"சொல்லித்தான் இருப்பேன்" என்றார் அக்கா. அது பொய் இல்லை. கொஞ்ச நேரம் இருவரும் அந்த மாத்திரைகளின் அளவைப் பற்றியும் கசப்பைப் பற்றியும் பேசிக்கொண்டு நின்றார்கள், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மாதிரி. நானும் எதிர்த்தரப்பு வக்கீலும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாய்தாவில் ஊராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சாவி அக்கா கைக்கு வந்தது.

இங்கே ஒன்று கவனியுங்கள். நீதிமன்றத்தால் சாவியைத்தான் வாங்கித் தர முடியும். பெஞ்சில் ஆள் உட்கார வைக்க எந்த உத்தரவாலும் முடியாது. நான் கடை திறக்கிற அன்று காலையிலேயே அங்கே போனேன். ஜெயித்த வக்கீலுக்குக் கொஞ்சம் மிதப்பு இருக்குமல்லவா, எனக்கும் இருந்தது. போய்ப் பார்த்தால் அடுப்பு எரிகிறது, இட்லிப் பானையில் ஆவி வருகிறது, பெஞ்சில் ஒரு ஆள் இல்லை. எதிரில் டீக்கடை ஓரமாக ஏழெட்டுப் பேர் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கரண்டியைத் துடைத்தார், வைத்தார், எடுத்து மறுபடி துடைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் மிதப்பு அங்கேயே இறங்கிவிட்டது.

அப்போது எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒருவர் சாலையைக் கடந்து வந்தார். தலைவரின் தொண்டர்களில் ஒருவர், நீதிமன்ற வாசலில் நான் பார்த்த முகம். கடை ஓரத்தில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தார். நின்றுகொண்டே கேட்கிற விஷயம் இல்லை போலிருக்கிறது, பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அஞ்சலாட்சி, அந்த மாத்திர எங்க குடுக்கறாங்க?" குரல் தாழ்ந்துதான் இருந்தது. "எங்க வூட்டுக்காரிக்கு ரெண்டு மாசமா இருமல் நிக்கல. வெளிய சொல்லாதன்னு நானேதான் சொல்லி வெச்சிருந்தேன்."

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. சளிய டெஸ்ட் பண்ணுவாங்க. காசு கேக்க மாட்டாங்க" என்றார் அக்கா. "நாளைக்கின்னு தள்ளாத, இன்னிக்கே போ. இரு, சாப்ட்டுட்டுப் போ." அவர் சரி என்று சொல்வதற்குள் இலை விழுந்துவிட்டது.

எதிர்ப்பக்கம் நின்றவர்கள் அந்த இலையைப் பார்த்தார்கள். இன்னொருவர் வந்தார். அதற்குள் மலைவண்டி வந்து நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, "இட்லியால பரவாதுன்னு கூண்டுல நின்னவரே ஒத்துக்கினாராமே, அப்பறம் நமக்கு இன்னா" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். மலையில் இருந்து மிளகும் கடுக்காயும் சுமந்து வந்தவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெஞ்சு நிறைந்துவிட்டது. அக்காவுக்குப் பேச்சும் திரும்ப வந்துவிட்டது. யாருக்குச் சட்னி ஜாஸ்தி, யாருக்குச் சாம்பார் கம்மி, யார் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை என்று ஒரே சத்தம்.

தலைவர் கார் வந்தது. இறங்கி எல்லாரையும் கும்பிட்டார். கையில் ஒரு சால்வை இருந்தது. நாலு வார்த்தை பேசுகிற எண்ணத்தோடு வந்திருப்பார் போல. கேட்க யாருக்கும் நேரம் இல்லை. "தலைவருக்கு யார்னா எடம் வுடுங்கப்பா" என்றார் டிரைவர், தான் எழுந்திருக்காமல்.

"செத்த நில்லுங்க தலைவரே" என்றார் அக்கா, இட்லித் துணியைத் தட்டில் கவிழ்த்தபடி. "இந்த ஈடு பூராவும் ஆளு ஆயிடுச்சி. அடுத்தது வெந்துக்கினு இருக்குது."

எனக்கும் இடம் கிடைக்கவில்லை. தலைவரும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அவர் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, அன்னிக்கு அந்தக் கேள்விய நீ கேட்டிருந்தா நான் இன்னா சொல்லியிருப்பேன் தெரியுமா?"

"இன்னா சொல்லியிருப்பீங்க?"

"இல்லன்னு சொல்லியிருப்பேன். சத்தியம் பண்ணிச் சொல்லியிருப்பேன்."

அடுத்த ஈடு வந்தது. எங்களுக்கு முன்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.